எட்னா வீட்டு ஆண்பிள்ளை

எட்னா வீட்டில் ஓர் ஆண்பிள்ளை குடியிருப்பதாக நகரசபை கண்டுபிடித்துவிட்டது. தனியாக வசிப்பவள் என்று வீட்டு வாடகைக்குத் தந்துகொண்டிருந்த உதவித்தொகையை உடனே நிறுத்திவிட்டார்கள். ஆட்சேபணை உண்டென்றால் சொல்லலாம், அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார் என்றார்கள். எட்னா உடனே ஆட்சேபித்தாள். அந்தத் தொகை வராவிட்டால் வெறும் பென்ஷனை வைத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

எழுபது வயதைத் தாண்டியும் கல்யாணமே செய்துகொள்ளாதவள் எட்னா. இதில் தர்மசங்கடம் என்னவென்றால், அந்த ஆண்பிள்ளையை உண்டாக்கியதே அவள்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால், கூரை ஓடு சரிந்திருக்கிறது என்று சொல்லி இரண்டு தடியன்கள் வந்து அவளை நன்றாக ஏமாற்றிவிட்டுப் போனார்கள். மறுநாளே பழைய சாமான் கடையில் பெரிய பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வாசற்படியில் வைத்தாள். யார் மணி அடித்தாலும் மாடியைப் பார்த்து, "நீங்க இருங்க க்ளிஃபர்ட், நான் பாத்துக்கறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். நாளடைவில் க்ளிஃபர்டுக்கு முன்கோபமும் மூட்டுவலியும்கூட வந்து சேர்ந்தன.

நகரசபைக்கு யார் வத்தி வைத்தது? எட்னாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. எதிர்வீட்டு பெரிலின் புருஷன் நார்மன்தான். இடுப்பு எலும்பு சரியில்லையென்று மனுஷன் வெளியே தலைகாட்டுவதில்லை. ஆனால் எட்னா வாசலுக்கு வந்தால் போதும், எதிரே வலைத்திரைக்குப் பின்னாலிருந்து இருமல் வரும். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனுக்கு வேவு பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

முதல் காரியமாக பூட்ஸைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். குப்பை வண்டிக்காரன் நல்லவன். மணி அடித்து, "உங்க வீட்டுக்காரர் பூட்ஸ் தவறி விழுந்துடுச்சும்மா" என்று தெருவே கேட்கும்படி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்து, நார்மனைச் சரிக்கட்டப் பார்த்தாள். இஞ்சிக் கேக் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். பெரில் கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே இருமல் கேட்டது. மறுநாள் காலித் தட்டோடு பதிலும் வந்தது.

"நார்மனுக்கு ரொம்பப் பிடிச்சுது. இஞ்சிதான் பத்தலையாம்."

'கேக்கையும் தின்றுவிட்டு நொட்டை வேறு சொல்கிறானே' என்று எட்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இஞ்சியைக் கூடப் போட்டு இரண்டாவது கேக் செய்தாள். கொடுக்கும்போது, க்ளிஃபர்ட் வீட்டை விட்டுப் போய்விட்டார், நார்மனிடமும் சொல்லிவிடு என்றாள்.

அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. கறிக்கடைக்காரர் ஒரு துண்டு இறைச்சியை இனாமாகக் கொடுத்துப் பெருமூச்சு விட்டார். ஆளாளுக்கு ஆறுதல் அட்டை கொண்டுவந்து வைத்தார்கள். வதந்தியை நிறுத்தச் சொல்லி மூன்றாவது கேக்கை எதிர்வீட்டுக்கு அனுப்பியும் பலனில்லை. க்ளிஃபர்டை ஒரு நர்ஸோடு பஸ் ஸ்டாப்பில் பார்த்ததாகக்கூட ஒருத்தி சொன்னாள். இல்லாத ஆள்மேல் எட்னாவுக்கு அன்றைக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

அதிகாரி ஹார்ட்லி வந்தபோது அந்த அட்டைகள் கணப்பு மேடையில் வரிசையாக நின்றன. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே அவர் முதல் அட்டையைப் படித்தார். 'அவனைத் தலைமுழுகு கண்ணு, உனக்கு இதைவிட நல்லவன் கிடைப்பான்.'

"எப்ப போனார் மேடம்?"

"போகலை சார். வந்தாத்தானே போறதுக்கு."

போன வாரம்தான் போனார் என்று தெருவே சொல்கிறது, அப்படியென்றால் அதுவரை இருந்திருக்கிறார், இத்தனை வருஷம் வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்று ஹார்ட்லி விளக்கினார். எட்னாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னாள். தனியாக இருக்கப் பயம், அவ்வளவுதான் என்றாள். அப்புறம் எதிர்வீட்டைக் காட்டி, அந்த ஆள்தானே உங்களிடம் கோள் சொன்னது என்றும் கேட்டாள்.

"யாரும் சொல்லலை மேடம். எங்க ஆபீஸ் பொண்ணு உங்களுக்கு ஃபோன் பண்ணினா. க்ளிஃபர்ட் மாடியிலேர்ந்து இறங்கி வந்தார்னா உன் தோலை உரிச்சுடுவார்னு நீங்கதான் அவகிட்ட சொன்னீங்க."

எட்னாவுக்கு அந்த ஃபோன் ஞாபகம் வந்தது. திருடி என்று நினைத்து அவள் விரட்டிய பெண்தான் அது.

உங்கள் கதையை நம்ப எனக்கும் ஆசைதான், ஆனால் அக்கம்பக்கத்தில் ஒருவராவது க்ளிஃபர்ட் இல்லையென்று சொன்னால்தான் முடியும் என்றார் ஹார்ட்லி. தெருவில் க்ளிஃபர்டைத் தெரியாதவர்களே கிடையாது. சட்டென்று எட்னாவுக்குப் பொறி தட்டியது. பொழுதுக்கும் தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்குத்தானே அங்கே யாரும் வந்ததுமில்லை, போனதுமில்லை என்று தெரிந்திருக்கும்? இத்தனை நாள் அவள் வாய்க்கு வந்தபடி திட்டிய நார்மனை விட்டால் இப்போது அவளுக்கு நாதியில்லை.

அதிகாரியை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். பெரில் கதவைப் பாதி திறந்தாள். உள்ளே இருமல் கேட்டது.

"பெரில், உன் வீட்டுக்காரரை ஒரு நிமிஷம் கூப்பிடு. உன் காலில் விழறேன். அவர் ஒரு வார்த்தை சொன்னா என் வீடு தப்பிச்சுது."

பெரில் கதவைப் பிடித்தபடியே நின்றாள். ஹார்ட்லி தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். தனியாக இருக்கும் ஒரு பெண், பயத்தில், இல்லாத ஆணை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாளாம்.

"இதை யாராவது நம்புவாங்களாம்மா?" என்று கேட்டார்.

பெரில் எட்னாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். இருமல் பாதியில் நின்றது. திரும்பி வந்து, கதவை முதல்தடவையாக முழுசாகத் திறந்தாள்.

"நான் நம்பறேன் சார். எங்க நார்மன் இருமறது கேசட்டுல. எட்னா, கேக்குல இஞ்சி பத்தலைன்னு சொன்னது நான்தான்."