மாமனார் வீட்டு வாசல் கேமரா

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு ஒயர் வைத்த எல்லாப் பொருளும் அத்துப்படி என்று நம்புவது மாமனார்களின் சுபாவம். அந்த நம்பிக்கையைக் கலைக்காமல் பார்த்துக்கொள்வது மாப்பிள்ளைகளின் சுபாவம். நான் சிதம்பரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு ஏற்றுகிறவன். கேமராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

கடலூரில் மாமா வீட்டுக்குக் கேமரா மாட்டச் சொன்னதே நான்தான். (மாட்டியது வேறு ஆள். நான் கீழே நின்று, "கொஞ்சம் ரைட்டுல" என்றேன்.) எதிர்வீட்டு தனசேகர் சாருக்கு அது பிடிக்கவில்லை. "எங்க வூட்டு வாசலும்ல அதுல தெரியுது" என்று முனகினார். ஆனால் அவரும் மாமாவும் அப்படியொரு சிநேகிதம். சனிக்கிழமை தவறாமல் ஒரே ஸ்கூட்டரில் திருவந்திபுரம் கோயிலுக்குப் போவார்கள். அதனால் முனகலோடு விட்டுவிட்டார்.

ஆயுத பூஜைக்குப் போய்விட்டு நாங்கள் சிதம்பரம் திரும்பிய பிறகு மாமா போன் செய்தார்.

"மாப்ள, வாசல் கேமரா மட்டும் தெரியல. பகல்ல சேறு மாரி இருக்கு. இருட்டுனா ஒரே வெள்ளையா ஆயிடுது."

"மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மாமா."

"பண்ணிட்டேன். சேறுதான்."

"அடாப்டர புடுங்கி சொருவுங்க."

"அதே சேறுதான் மாப்ள."

என் கையிருப்பு அவ்வளவுதான். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை முறுக்கு விடவில்லை.

"மத்த கேமராலாம் நல்லா ஓடுதுல்ல? அப்ப இது ரிப்பேர் இல்ல மாமா. யாரோ வேணும்னே லென்ஸ்ல எதையோ பூசியிருக்காங்க." (இந்த மொத்த விவகாரத்திலும் நான் சரியாகச் சொன்னது இது ஒன்றுதான்.)

'யாரோ' என்றதும் மாமாவின் பார்வை எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறது. நேராகவே கேட்டும்விட்டார். அந்தச் சனிக்கிழமை தனசேகர் சார் ஸ்கூட்டரில் தனியாகத்தான் போனார். "ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசிக்கறதில்லடி. இவுரு சரியா சாப்புடறதுகூட இல்ல" என்று அத்தை என் மனைவியிடம் போனில் அழுதார். உண்மையைக் கண்டுபிடிக்கக் கடலூர் பஸ் ஏறினேன்.

போனதும் கேபிளை மாற்றினேன். கனெக்டரைக் கழற்றி ஊதினேன். சேறு அசையவில்லை.

"ஏணி போட்டு மேல பாத்துடலாமா மாப்ள?" என்றார் மாமா.

"தொடாதீங்க மாமா, சாட்சி அழிஞ்சிடும். ரெக்கார்டிங்ல ஆளு மாட்டியிருப்பான். அவரையும் வரச் சொல்லுங்க, நேருக்கு நேரா போட்டுக் காட்டிடுவோம்."

தனசேகர் சார் வந்தார். உட்காரவில்லை. "போடுங்க தம்பி. என் மூஞ்சி தெரியுதான்னு நானும் பாக்கறேன்" என்றார்.

படம் தெளிவாக இருந்த கடைசி நாளைத் தேடிப் பிடித்து டிவியில் ஓடவிட்டேன். வாசல், கேட், செம்பருத்திச் செடி. ஓரத்தில் ஒரு ஏணி வந்து சாய்ந்தது. மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முதலில் தலைமுடி ஏறியது, பிறகு திருநீறு பூசிய நெற்றி, அதன் பிறகு பல். கேமராவைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் சந்தனக் கிண்ணம்.

அந்தக் கேமராவுக்குக் காதும் உண்டு.

"மிக்சிக்கு வச்சாச்சு, மோட்டாருக்கு வச்சாச்சு. இதுவும் மிஷின்தான அத்த?"

கீழேயிருந்து அத்தையின் குரல்: "நல்லா அழுத்தி வையிங்க மாப்ள, உதுந்துடப் போவுது."

ஒரு கட்டைவிரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்புறம் சேறு.

பூஜையன்று வீட்டில் ஓடுகிற அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும் மரியாதையை எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற உற்சாகத்தில் வைத்ததில், எதற்கெல்லாம் வைத்தேன் என்பதே எனக்கும், கீழே நின்ற அத்தைக்கும் மறந்துபோயிருந்தது. அந்தக் கூடத்துக்குள்ளேயே ஒரு சிதம்பரம் பஸ் வந்து நின்றால் தேவலை என்றிருந்தது எனக்கு.

தனசேகர் சார் இப்போதுதான் சோபாவில் உட்கார்ந்தார். "அந்தக் கட்ட வெரல இன்னொருவாட்டி போடுங்க தம்பி."

மாமா தரையைப் பார்த்தபடி, "தப்பா நெனச்சுட்டேன் தனசேகரு" என்றார்.

"வுடுய்யா. பின்னாடி ஒக்காந்து தொணதொணன்னு பேச ஆளில்லாம கோயிலுக்குப் போற வழியே ஜாஸ்தியாயிட்ட மாரி இருந்துச்சு."

நான் ஈரத்துணியோடு ஏணி ஏறினேன். உள்ளே இருவரும் மூன்றாவது முறையாக அதை ஓடவிட்டுச் சிரிப்பது கேட்டது. வாழ்க்கையில் என்னைப் பார்த்து யாராவது சிரித்து நான் நிம்மதியானது அன்றுதான்.

இன்றும் நான் அழைத்தால் மாமாவின் போனில் வருவது அந்தப் பல்லும் கட்டைவிரலும் உள்ள படம்தான். ஆயுத பூஜைக்கு நாங்கள் போய் இறங்கினால், தனசேகர் சார் மாமா வீட்டு ஏணியில் நின்று வாசல் கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டிருப்பார். அதைச் சணலால் இறுக்கிக் கட்டி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்து, "வாங்க தம்பி" என்பார்.