வேரில் விளைந்த முத்து

நோங்தௌ ஊரில் மூன்று நாளாக முகத்துக்குப் போட ஒரு டப்பா பவுடர் கிடைக்கவில்லை. அத்தனையும் செடியின் வேருக்குப் போய்விட்டது.

லம்துவானின் காய்கறிக் கொல்லையைச் சுற்றி வேன்கள் நின்றன. பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிந்தார்கள். கொல்லையில் இருந்தது தங்கமல்ல, சணப்பை. பசுந்தாள் உரத்துக்காக லம்துவான் விதைத்தது. அதில் ஒரு செடியை வாங்கி, வேரில் பவுடர் தடவி, தலைகீழாகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு லாட்டரி எண் தெரிகிறதா என்று தேடினார்கள். ஒருவருக்கு முப்பத்தேழு தெரிந்தது. அதே வேரில் அவர் மனைவிக்குத் தொண்ணூற்றொன்று தெரிந்தது. இரண்டு எண்ணையுமே வாங்கினார்கள். தெய்வ விஷயத்தில் குடும்பச் சண்டை கூடாது பாருங்கள்.

கொல்லை ஓரத்தில் பப்பாளிக்காய் சாலட் கடை வைத்திருப்பவன் நான். பெயர் புன்தா. வியாபாரம் கொழித்தது. அதனால் எனக்கும் பக்தி கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். என் வேரில் இருபத்தெட்டு தெரிந்தது. விழவில்லை. அந்தக் கதை வேண்டாம்.

எல்லாம் ஆசான் சேத்தாவின் கண்டுபிடிப்பு. முந்தைய வருடம் அவர் கழுத்தில் கட்டும் புலிப்பல் விற்றுக்கொண்டிருந்தார். புலிகளுக்குப் பிளாஸ்டிக் பல் முளைத்த காலம் அது. ஒருநாள் இந்த வழியாகப் போனவர், லம்துவான் பிடுங்கிப் போட்டிருந்த ஒரு சணப்பையின் வேரைப் பார்த்தார். வேர் முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள். ஒன்றை நகத்தால் கிள்ளினார். உள்ளே சிவப்பு.

"ரத்தம்," என்றார் ஆசான். "பூமித்தாய் முத்து போட்டிருக்கா. ரத்த முத்து."

அவ்வளவுதான். மறுநாளே கொல்லையில் பந்தல் போட்டாயிற்று. ஆசானுக்கு இடுப்பு வரை தலைமுடி. எங்கள் பக்கத்துக் கதைப்படி, பூமித்தாய் தன் கூந்தலைப் பிழிந்து வெள்ளம் வரவைத்தவள் அல்லவா? ஆசானும் தன் முடியை அண்டாவில் முக்கிப் பிழிந்து, அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்தார். அதை நிலத்தில் தெளித்தால் முத்து விளையும், பருக்கும், ரத்தம் வரும். பாட்டில் நூறு பாட். பொடுகுக்குத் தனிக்கட்டணம் இல்லை.

கூடவே ஒரு கட்டளையும் போட்டார். இந்தக் கொல்லையில் முத்து உள்ள செடியை ஆசான் கைதான் பிடுங்க வேண்டும். ஆளுக்கு ஒன்று, அதுவும் காணிக்கை வைத்தால். கலப்பையோ எந்திரமோ பட்டு வேர் அறுந்தால் அந்த வீட்டில் ஓர் உயிர் போகும். மாதக் கடைசி வரை செடி நின்றாக வேண்டும் என்று தாய் சொல்லிவிட்டாளாம். லாட்டரிக் குலுக்கலும் அதையொட்டித்தான் வந்தது. தாய்க்கு நாட்காட்டி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கூத்தில் செத்துக்கொண்டிருந்தவள் லம்துவான். அவள் கொல்லை மண் இரண்டு வருடமாக ஓடு போல் இறுகிக் கிடந்தது. நட்டதெல்லாம் குட்டையாகி மஞ்சளடித்தது. நிலம் அவள் அண்ணன் பெயரில் இருந்தது. "இந்தக் குளிர்காலம்தான் கடைசி. வெளையலேன்னா நான் ரப்பர் கன்னு நட்டுடுவேன். நீ பாங்காக்குல தையல் ஆலைக்குப் போ" என்று அவன் சொல்லிவிட்டான். மண்ணை மீட்கத்தான் அவள் சணப்பை விதைத்தாள். அந்தச் சணப்பையைத்தான் ஆசான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி விற்றுக்கொண்டிருந்தார்.

சணப்பை விதைத்த நாற்பத்தெட்டாம் நாள் காலை தோங்பை தன் இரும்பு எருமையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு சக்கர உழவு எந்திரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சுற்று வட்டாரத்தில் பாதிக் கொல்லைகளை உழுகிறவள் அவள்தான்.

"என்னக்கா, பூ பூத்துடுச்சு. இன்னைக்கு மடக்கி உழுதாத்தான் உண்டு. எந்திரத்த எறக்கட்டா?"

"ஆசான் சொல்லணும்டி," என்றாள் லம்துவான்.

"ஆசான் சொல்லித்தான் வெதச்சியா?"

"வேரு அறுந்தா வீட்டுல ஒரு உசுரு போயிடுமாம்."

"உன் வீட்டுல இருக்கறதே நீயும் ஒரு சேவலும்தான். யாரு பேரச் சொன்னாரு?"

லம்துவானுக்குச் சிரிப்பு வரவில்லை. தோங்பை குரலைத் தணித்தாள்.

"இங்க பாருக்கா. மாசக் கடைசி வரைக்கும் விட்டா தண்டு நாராயிடும். அப்புறம் மண்ணுல போட்டா மக்காது, கயிறுதான் திரிக்கலாம். முட்டைக்கோசையும் கடுகுக்கீரையையும் எங்க நடுவ, உன் தலையிலயா?"

"எனக்குப் பயமா இருக்கு தோங்பை. அண்ணன் ஒரு பக்கம் நிக்கிறான், சாமி ஒரு பக்கம் நிக்குது. நடுவுல நான் எங்க போவேன்?" லம்துவான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போதுதான் என் கடை வியாபாரத்தை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

"சாமிய விடு. ஆசான நான் பாத்துக்கறேன்," என்றாள் தோங்பை.

மறுநாள் காலை கூட்டம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஊர்த்தலைவர் மனைவி சுமாலி. பதினொரு பாட்டில் வாங்கிய பரமபக்தை. தோங்பை மூன்று வாளிகளைக் கொண்டுவந்து ஆசான் முன்னால் வைத்து, நெற்றிவரை கைகுவித்தாள். ஒவ்வொரு வாளியிலும் தழை வெட்டிய வெறும் வேர்கள். எது யாருடையது என்று எழுதிய சீட்டை வாளியின் அடியில் ஒட்டியிருந்தாள். ஒட்டும்போது நானும் கூட இருந்தேன்.

"ஆசானே, மூணு எடத்து வேரு. முத்தப் பாத்தே பக்தியச் சொல்லிடுவீங்கன்னு ஊரே பேசிக்குது. பாத்துச் சொல்லுங்க."

"நம்ம தோட்டத்து வேரும் இதுல இருக்கு," என்றாள் சுமாலி பெருமையாக. "நேத்து நான்தான் குடுத்தனுப்புனேன். எந்த வாளின்னு எனக்கே தெரியாது."

இருநூறு பேர் பார்க்கிறார்கள். ஆசானால் மறுக்க முடியுமா? முடியை ஒரு உதறு உதறிவிட்டு முதல் வாளியில் கைவிட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உருண்டைகள்.

"பாவம், பாவம். தாய் முகத்தத் திருப்பிக்கிட்டா. இந்த வீட்டுப் பொம்பளைக்கு அடுத்தவ புருஷன் மேல கண்ணு."

கூட்டம் "ச்சூ" கொட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சுமாலி கொட்டினாள்.

இரண்டாம் வாளி. கொத்துக்கொத்தாகக் கொழுத்த உருண்டைகள். ஆசான் கண்ணில் நீர் தளும்பியது.

"இவதான் பக்தை. எந்திரிக்கும்போதும் தாய் பேரு, படுக்கும்போதும் தாய் பேரு. என் தண்ணி ஒரு சொட்டு வீணாக்காம தெளிச்சிருக்கா."

மூன்றாம் வாளியில் சன்னமான வேர், கடுகு போல உருண்டைகள்.

"ஆகா, குழந்தை மனசு. பூசை வாசம் மாறாத சுத்தமான எடம். கண்ண மூடினா மல்லிகை மணக்குது."

தோங்பை என்னிடம் கை நீட்டினாள். பப்பாளி சீவும் கத்தியைக் கொடுத்தேன். மூன்று வாளியிலிருந்தும் ஓர் உருண்டையை எடுத்து அறுத்தாள். மூன்றும் சிவப்பு.

"ரத்தம் மூணுலயும் வருது. இப்ப சீட்டப் படிங்க, புன்தா அண்ணே."

நான் மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தேன். "இது சணப்பையே இல்லீங்க. தொட்டாற்சுருங்கி. என் கடைக்குப் பின்னால, ஆம்பளைங்க ஒதுங்குற எடத்துல மொளச்சது."

மல்லிகை மணந்த இடம் எதுவென்று கூட்டத்தில் பாதிப் பேருக்கு நேரடி அனுபவம் உண்டு. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்துப் பல்செட்டைத் தவறவிட்டார்.

"ரெண்டாவது என் நெலம்," என்றாள் தோங்பை. "அங்க ஒரு நாளும் நான் கும்பிட்டதில்ல. தண்ணியும் தெளிக்கல. எஞ்சின் கெளம்பாதப்ப நான் விட்ட வார்த்தைங்க மட்டும்தான் அந்த மண்ணுல விழுந்திருக்கு."

மிச்சம் இருந்தது முதல் வாளி. நான் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. சுமாலி எழுந்துவிட்டாள்.

"யாரு புருஷன் மேல எனக்குக் கண்ணு? பேரச் சொல்லுய்யா. பதினோரு பாட்டில் வாங்கினேனே, அதுக்காவது பேரச் சொல்லு."

ஆசான் பின்வாங்கினார். "அம்மா, தாயோட அருள் உலகம் பூரா பரந்து கெடக்கு. எல்லா மண்ணுலயும் முத்து வெச்சிருக்கா."

"அப்ப பாட்டில் எதுக்கு?" என்றாள் தோங்பை.

சுமாலி கையிலிருந்த பதினோராவது பாட்டில் ஆசான் தலையில் காலியானது. பிழிந்த தலைக்கே தண்ணீர் திரும்பிப் போனது. காணிக்கைத் தட்டுகூட இல்லாமல், முடி பறக்க, மோட்டார் சைக்கிளில் ஏறியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது முத்தும் இல்ல, ரத்தமும் இல்ல," என்று தோங்பை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "காத்துல இருக்கற தழைச்சத்தப் பிடிச்சு வேருல சேக்கற முடிச்சு. வேலை செய்யற முடிச்சு உள்ள செவப்பாத்தான் இருக்கும். கடலைச் செடியிலயும் இருக்கு. வருசா வருசம் கடலை புடுங்குறீங்க. காய வாயில போடுறீங்க, வேர மாட்டுக்குப் போடுறீங்க. ஒரு தடவ உத்துப் பாத்தீங்களா?"

ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். நானும்தான். முப்பது வருடம் கடலை பிடுங்கியவன் நான்.

லம்துவான் மட்டும் இரும்பு எருமையின் பக்கம் போனாள். "நீ தள்ளு. மொத சால் நானே ஓட்டறேன்," என்றாள். மஞ்சள் பூவோடு சணப்பை மடிந்து விழுந்தது. முடிச்சும் தழையும் மண்ணுக்குள் போயின. ஆசான் விற்றதுபோக முக்கால்வாசி மிச்சமிருந்தது. முதல் சால் முடிந்து திரும்பியபோது அவள் தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உயிர் இருந்தது. அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை.

இரண்டு வாரம் மக்கவிட்டு நாற்று நட்டாள். மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. குளிர் இறங்கியபோது கோசு ஒவ்வொன்றும் சாலட் இடிக்கும் என் உரல் அளவு இருந்தது. அண்ணன் வந்தான், வரப்பில் நின்றான், ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது நான்கு கோசு கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

ஊரும் வந்து பார்த்தது. பார்த்து, கூடிப் பேசி, ஒரு முடிவுக்கும் வந்தது. இரும்பு எருமையில் ஏதோ சக்தி இருக்கிறதாம். ஒரு காலை தோங்பை வந்தபோது எந்திரத்தின் முகப்பில் சாமந்தி மாலை கிடந்தது. கீழே உறிஞ்சுகுழல் போட்ட சிவப்புச் சோடா படைத்திருந்தார்கள். பதினைந்து பேர் கைகூப்பி நின்றார்கள். சுமாலி பவுடர் டப்பாவோடு வந்திருந்தாள்.

தோங்பை சோடாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"அடுத்த தடவ கையிலயே குடுங்க. அதுக்கு வாயில்ல," என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள்.

இறுகிய மண்ணைப் புரட்ட எங்கள் ஊருக்கு எந்திரம் வந்துவிட்டது. இறுகிய மண்டையைப் புரட்ட எந்த ஊருக்கும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. அந்த உழவை மட்டும் அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும்.