என் கண்ணு எடுத்த முதல் மார்க்

சனிக்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். மாங்காட்டுல இருந்து பூந்தமல்லி போகணும், அங்க ஒரு கண் ஆராய்ச்சிக்கூடத்துல உக்காந்து கண்ணைக் காட்டணும், திரும்பி வரணும்.

வேற ஒண்ணும் கொண்டு போக வேண்டாம். கண்ணு மட்டும் போதும். அதையும் நான் ஒழுங்கா கொண்டு போகல.

விஷயம் என்னன்னா, என் மச்சினி யமுனா பிஎச்டி பண்றா. வருஷக்கணக்கா கான்டாக்ட் லென்ஸ் போடறவங்களோட கண்ணு மேல்பரப்பு எப்படிக் காய்ஞ்சு போகுதுங்கறதுதான் ஆராய்ச்சி. பத்து வருஷம் லென்ஸ் போட்ட ஆளுங்களா தேடிப் பிடிச்சா. எல்லாரும் கிடைச்சாச்சு, கடைசியா ஒரே ஒரு ஆள் பாக்கி. மாசக் கடைசிக்குள்ள அந்த ஒருத்தரையும் சோதிச்சு முடிக்கலைன்னா தீசிஸ் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிடும். அழாத குறையா என்கிட்ட கேட்டா.

நான் பத்து வருஷமா லென்ஸ் போடறவன். ஆபீஸ் விட்டு வந்து அதோடயே தூங்கிடற ரகம் வேற. இப்படி ஒரு தகுதிக்காக என்னை யாரும் தேடி வந்ததே இல்ல. பெருமையா ஒத்துக்கிட்டேன்.

போன்லயே விதிமுறை சொல்லிட்டா. அன்னைக்குக் காலையில லென்ஸ் போடக்கூடாது. கண்ணுல எந்த மருந்தும் விடக்கூடாது. மத்தபடி எப்பவும் போல வந்தா போதுமாம்.

எப்பவும் போல போறதா? நாம என்ன அப்படியா வளர்ந்தோம்? டெஸ்ட்னு சொல்லிட்டா நல்ல மார்க் வாங்கியாகணும். ரத்த டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் சர்க்கரை இல்லாம காபி குடிக்கிற பரம்பரை நம்மளது.

காலையில எழுந்து பார்த்தா ரெண்டு கண்ணும் செவசெவன்னு இருக்கு. எனக்குப் பக்குன்னுச்சு. இந்தக் கண்ணை எடுத்துக்கிட்டு எப்படிப் பரீட்சைக்குப் போறது?

கீழ எங்க ஹவுஸ் ஓனர் தணிகாசலம் அண்ணாத்தே பைக் கழுவிக்கிட்டிருந்தார். மாங்காட்டுக்காரர், இந்த ஃப்ளாட் நிக்கற இடமே ஒரு காலத்துல அவங்க வயல்.

"இன்னா நைனா, கண்ணு இப்டி செவந்துகீது?"

கதையைச் சொன்னேன். எல்லாம் உடம்புச் சூடுன்னு தீர்ப்பு சொன்னார். உள்ள போய் ஒரு சின்ன பாட்டிலோட வந்தார். விளக்கெண்ணெய். கண்ணுக்கு ரெண்டு சொட்டு உட்டுகினு மல்லாக்கப் படுத்தா சும்மா ஜில்லுனு ஆயிடும்னார்.

எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு. மருந்து விடக்கூடாதுன்னு சொன்னாளே?

அப்புறம் நானே தெளிவாயிட்டேன். மருந்துன்னா மெடிக்கல் ஷாப்புல விக்கறது. இது எண்ணெய். வீட்டு அலமாரியில இருக்கறது எப்படி மருந்தாகும்? ரெண்டுக்கு நாலு சொட்டா விட்டுக்கிட்டேன்.

கண்ணு ஜில்லுன்னுதான் ஆச்சு. ஆனா உலகம் மங்கிடுச்சு. ஷேர் ஆட்டோவுல உக்காந்து, லென்ஸுக்குப் பதிலா மாட்டியிருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாத்தான் இருந்துச்சு. பூந்தமல்லி வந்து போனதே தெரியல. நசரத்பேட்டையில நிறுத்திட்டு, இறங்கறியா இல்ல பெங்களூரு வரைக்கும் வர்றியான்னு டிரைவர் கேட்டார். இன்னொரு ஆட்டோ பிடிச்சுத் திரும்பி வந்தேன்.

யமுனா முதல் கேள்வியே, மருந்து ஏதாவது விட்டீங்களா மாமான்னுதான். இல்லவே இல்லைன்னேன். சத்தியமா, பொய் சொல்றோம்கிற நினைப்பே எனக்கு இல்ல.

மோவாயை ஒரு மெஷின்ல வெக்கச் சொன்னா. கண்ணுல மஞ்சச் சாயம் தொட்டு வெச்சா. இமைக்காம பார்க்கணுமாம். கண்ணு மேல இருக்கற கண்ணீர்ப் படலம் எத்தனை செகண்டுல கிழியுதுன்னு எண்ணுவாங்களாம். காய்ஞ்ச கண்ணுன்னா சட்டுனு கிழிஞ்சிடுமாம்.

எண்ண ஆரம்பிச்சா. பத்து. பதினஞ்சு. இருபது. கிழியவே இல்ல. அடுத்த கண்ணு. அதுவும் அசையல.

ஓடிப் போய் அவளோட கைடு மேடத்தைக் கூட்டிட்டு வந்தா. பின்னாடியே நாலு ஸ்டூடன்ட்ஸ். வரிசையா வந்து என் கண்ணைப் பார்த்தாங்க. பத்து வருஷம் லென்ஸ் போட்ட கண்ணா இதுன்னு ஆச்சரியப்பட்டாங்க. எனக்கோ தலைகால் புரியல. மனசு சுத்தமா இருந்தா கண்ணு தானா சுத்தமா இருக்கும்னு அந்தப் பசங்களுக்கு அறிவுரை வேற சொன்னேன்.

யமுனா முகம் மட்டும் வெளிறிப் போச்சு. இந்த ஒரு ஆளால மொத்த ஆராய்ச்சியும் தப்புன்னு ஆயிடுமோன்னு அவளுக்குப் பயம். முதல் மார்க் வாங்கினவனுக்கு அதெல்லாம் எங்க புரியுது?

மேடம் இன்னொரு தரம் உத்துப் பார்த்தாங்க. மழைத் தண்ணியில பெட்ரோல் சிந்தின மாதிரி கலர் கலரா ஓடுதேன்னாங்க. டிஷ்யூவால கண்ணோரத்தை ஒத்தி எடுத்து, மோந்து பார்த்தாங்க.

"சார், இது என்ன எண்ணெய்?"

"விளக்கெண்ணெய்தான் மேடம். மருந்து எதுவும் விடல."

ஒரு ஸ்டூடன்ட் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு குலுங்கினான். யமுனா சிரிக்கல. அவ கண்ணு கலங்கிடுச்சு. மூணு மாசமா அலைஞ்சு ஆள் பிடிச்ச பொண்ணு. எனக்கு வெக்கமாப் போச்சு.

மேடம் நல்லவங்க. இன்னைக்கு எதையும் எழுத வேண்டாம், எண்ணெய் இல்லாம ஒரு வாரம் எப்பவும் போல இருந்துட்டு அடுத்த சனிக்கிழமை வாங்கன்னாங்க. யமுனா ஒரு பேப்பர்ல எழுதியே குடுத்துட்டா: எண்ணெய், தேன், பன்னீர், பால், எதுவும் கூடாது. என் பொண்டாட்டி அதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டினா. அந்த வாரம் பூரா என்னைத் திட்டறதுக்கு அவ வார்த்தை தேட வேண்டிய அவசியமே வரல.

அடுத்த சனிக்கிழமை. மோவாய், மஞ்சச் சாயம், இமைக்காத கண்ணு.

"ஒண்ணு, ரெண்டு..." நிறுத்திட்டா.

எனக்கு உயிரே போச்சு. மறுபடி எண்ணினா. மறுபடியும் ரெண்டுதான். அடுத்த கண்ணுக்கு அதுகூட இல்ல. காய்ஞ்ச இடத்துல எல்லாம் சாயம் திட்டுத் திட்டா நிக்குதாம்.

யமுனா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு குதிச்சா. "சூப்பர் மாமா! ரொம்ப மோசமா இருக்கு!"

மேடம் என்னைத் தனியா கூப்பிட்டு, இனிமே லென்ஸோட தூங்கினா என்கிட்ட பேஷண்ட்டாத்தான் வரணும்னு சொல்லி அனுப்பினாங்க. தீசிஸ் நேரத்துக்குப் போயிடுச்சு. எங்க குடும்பத்துல முதல் தடவையா ஒரு டாக்டர் வரப்போறா.

அதுக்கு நான் செஞ்ச ஒரே உதவி, பத்து வருஷமா என் கண்ணைக் கெடுத்துக்கிட்டது.