ஓலைப் பக்கத்துக்குப் போட்ட பூட்டு

அன்பு மகள் சில்வியாவுக்கு,

ராயபுரத்திலிருந்து அப்பா தேவப்பிரியம் எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவும், முட்டிவலி நீங்கலாக, சுகம். பெங்களூரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லையே. அதனால் தபால்காரரை நம்பி இந்தக் கடிதம்.

குற்றம் என்மேல்தான். நம் மாதா கோயிலுக்கு நீ செய்து தருகிற வெப்சைட்டின் வெள்ளோட்டப் பிரதியை அனுப்பும்போதே, "ப்பா, லிங்க் கையில கீறவங்க யாரும் உள்ள வந்துடலாம். நீ மட்டும் பாரு, யாருக்கும் அனுப்பிடாத" என்று சொன்னாய். ஆனால் முப்பத்தொரு வருஷம் ஹார்பரில் சரக்கு எண்ணியவன் நான். எண்ணியதை இன்னொருவர் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதே கிடையாது. பூசை நேரம் சரியா என்று பார்த்துச் சொல்லட்டுமே என்று நம் தெருக் கோயில் குடும்பங்கள் கூடுகிற அன்பியம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அறுபத்துநாலு பேர். பூசை நேரத்தை ஒருவரும் பார்க்கவில்லை, எல்லோரும் நேரே கல்யாண ஓலைப் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லுங்கள் என்பார்களே, அதற்கும் ஒரு கட்டம் வைத்து, மாதிரிக்கு என்று இரண்டு பெயரும் போட்டிருக்கிறாய். மணமகன் ஷிபின், காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளம். மணமகள் சில்வியா, ராயபுரம். உலகத்தில் வேறு பெயரே இல்லையா கண்ணு?

பால் வாங்கப் போனவனை எதிர்வீட்டு ஃப்ளோரா அக்கா மடக்கிப் பிடித்து, "இன்னாப்பா, பொண்ணுக்கு ஓலை வாசிக்கப் போறியாமே, எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று சண்டைக்கு வந்தது. "அது வெறும் வெள்ளோட்டம்க்கா" என்றேன். "கல்யாணத்துக்கு இன்னாய்யா வெள்ளோட்டம்?" என்று கேட்டது. வீடு திரும்புவதற்குள் தடைக் கட்டத்தில் ஆட்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். உபதேசியார் ஹென்றி, "பெண்ணுக்கு மீன் ஆயத் தெரியாது. மாப்பிள்ளையின் நலன் கருதித் தெரிவிக்கிறேன்" என்று எழுதியிருந்தார். பாடகர் குழு ஆண்ட்ரூ, "தடை இல்லை. பிரியாணி உண்டா?" என்று. உன் அம்மா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருய்யா அந்த ஷிபின்?" என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

அன்று சாயங்காலமே நீ பூட்டு போட்டுவிட்டாய். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு லிங்க் அனுப்பினாயே, அவற்றில் எதைத் தொட்டாலும் இப்போது பாஸ்வேர்டு கேட்கிறது. உன் பிறந்தநாளைப் போட்டேன், இல்லை. அம்மா பெயரைப் போட்டேன், இல்லை. என் பெயரைப் போட்டேன், அதுவும் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான். ஊர் பார்க்கக் கூடாது என்று பூட்டியது நியாயம். அறுபத்துநாலு பேரோடு சேர்த்து என்னையும் வெளியே நிறுத்தினாயே, அதுதான் தாங்கவில்லை. பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானதைக்கூட அம்மாவுக்கு முன்னால் என்னிடம்தானே சொன்னாய்.

ஆனாலும் பாஸ்வேர்டை நான் கேட்கமாட்டேன். ஷிபின் யார் என்றும் கேட்கமாட்டேன், எங்கேயும் போய் விசாரிக்கவும் மாட்டேன். நீயாகச் சொல்லும்போது சொல். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

அம்மா உனக்காக நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். நீ ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டு விடுவேனே, அதை இந்தக் கடிதத்தில் வைத்து அனுப்புகிறேன்.

உன் அப்பா,
தேவப்பிரியம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் காட்டுப்பள்ளி வரை போய்வந்தேன். கேட்டில் என் பெயரைச் சொன்னதும் ஷிபின் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். மார்த்தாண்டத்துக்காரராம். டீ வாங்கிக் கொடுத்து, "அங்கிள், நான் அப்பமே வந்து பொண்ணு கேக்கேன்னு சொன்னேன், அவதான் பயந்துட்டு இருக்கா" என்றார். எனக்குத் தராத பாஸ்வேர்டு அவருக்குத் தெரிந்திருந்தது, போகட்டும். அவர் போனிலேயே உள்ளே போய் என் தடையையும் பதிவு செய்துவிட்டேன்: "பெண்ணின் அப்பாவிடம் பெண் இன்னும் சொல்லவில்லை. சொன்ன நிமிஷமே தடை நீங்கும்." போனை எடு, கண்ணு.