பென்சில் வைத்துப் படிப்பவன்

எண்பத்து நான்காம் பக்கத்தில் அவன் அவளைக் கைவிட்டான்; அடுத்த வரியிலேயே மழையில் நனைந்துகொண்டு நின்றான். நான் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: 'மழை தேவையில்லை.' பக்கத்தைத் திருப்பினால் அவளும் நனைகிறாள். 'இதுவும்' என்று எழுதினேன். கவுண்டர் கம்பிக்கு வெளியே ஒருவர், நெய்யாற்றின்கரை வண்டி போய்விட்டதா என்று மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போய்விட்டது என்றேன். அவர் முதல்முறை கேட்டபோது அது போகவில்லை.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாத நாவல்களைத் திட்டுவதற்காகவே மாதம் தவறாமல் படிக்கிறவன். காதல் கதை என்றதும் முகம் சுளிப்பான். ஆனால் கதாநாயகி எங்கே மயங்கி விழுந்தாள் என்று கேட்டுப் பாருங்கள், பக்க எண்ணோடு சொல்வான். 'படித்தேன்' என்று மட்டும் சொல்லமாட்டான். 'புரட்டிப் பார்த்தேன்' என்பான். நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் வரி வரியாக, ஓரத்தில் குறிப்பெழுதி, இரண்டு இடங்களில் மூக்கை உறிஞ்சி, யாராவது வந்தால் ஜலதோஷம் என்று சொல்லி, கடைசிப் பக்கத்தின் விளம்பரம்வரை புரட்டிப் பார்ப்பான்.

நான் அந்த இனம். கேரள எல்லையோரத்து பஸ் டிப்போ ஒன்றில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வது உத்தியோகம். கேட்காததற்கும் சொல்வது சுபாவம்.

வெளியே சிற்றிதழ், உள்ளே மாத நாவல். எங்கள் சிற்றிதழ் மாத நாவலைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல். அந்த இதழால் நான் அடைந்த நன்மைகளில் முக்கியமானது இது. நாகர்கோவிலில் ஒரு நண்பர் நடத்தினார். நூற்றெண்பது பிரதி அச்சாகும். நூற்றிருபது அவருடைய கட்டிலுக்கடியில் இருக்கும். வணிக எழுத்தின் சீரழிவு பற்றி அதில் மூன்று இதழ்களுக்குத் தொடர் எழுதினேன். இவ்வளவு துல்லியமாக மேற்கோள் காட்டுகிறீர்களே, இந்தக் குப்பையை எப்படித் தாங்கிக்கொண்டீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கடமை என்று பதில் போட்டேன்.

என் அபிப்பிராயங்கள் கறாரானவை. அந்த ஆண்டு, தொண்ணூற்றாறில், மறுபிறவிக் கதைகள் அதிகம். அரண்மனையில் விஷம் குடித்துச் செத்த இளவரசி முந்நூறு வருடம் கழித்துச் சென்னையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாள். பாடம் எடுப்பவனைக் கண்டதும் தலை சுற்றும். அவன்தான் அந்தக் காலத்துத் தளபதி. முந்நூறு வருடமாக இருவரும் ஒரே ஜாதியில் பிறந்துகொண்டிருப்பது எப்படி என்று ஓரத்தில் கேட்டேன். இன்னொன்றில் கதாநாயகன் நாகலோகத்து இளவரசன், பௌர்ணமிதோறும் பாம்பாகிவிடுவான். கதாநாயகிக்குப் பாம்பு ஒரு பொருட்டே இல்லை. அவளுடைய துன்பமெல்லாம் அவனுடைய அம்மா. நம்பத்தகுந்தது என்று எழுதினேன். சமகாலக் கதைகளுக்கு வந்தால் எல்லாக் கதாநாயகனுக்கும் தொழிற்சாலை இருந்தது. கோப்புகளில் கையெழுத்திடுவான், மானேஜர்மேல் சீறுவான், கண்ணாடி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பான். ஆனால் அங்கே என்ன தயாராகிறது என்று ஒரு வரி இருக்காது. 'சோப்பா, ஆணியா? தெளிவுபடுத்தவும்' என்று எழுதினேன். யாருக்கு எழுதினேன்? அதைக் கேட்காதீர்கள்.

இளவரசி கதையானாலும் சோப்புக் கதையானாலும் பொதுவான புகார் ஒன்று உண்டு. அவன் ஒன்று சொல்வான், அவள் வேறொன்றாக எடுத்துக்கொள்வாள், எழுபது பக்கம் இருவரும் அழுவார்கள். சொன்னதன் அர்த்தம் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தால் பதினாறாம் பக்கத்தில் எல்லாம் முடிந்திருக்கும். படித்தவர்கள் யாராவது இப்படி நடந்துகொள்வார்களா?

நாவல்கள் எனக்கு விமலகுமாரியிடமிருந்து வந்தன. டிப்போவுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். முப்பத்தொரு வயது. மார்த்தாண்டம் வண்டியின் கண்டக்டர் மாதத்தின் முதல் வாரம் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது முழுக்க மலையாளம். தமிழ் எழுத்தை பஸ் போர்டிலிருந்தும் சினிமாச் சுவரொட்டியிலிருந்தும் பொறுக்கிக் கற்றுக்கொண்டு, மீதியை நாவல்களில் தேறியிருந்தாள். படித்து முடித்ததும் தன் அபிப்பிராயத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி, நாவலுக்குள் வைத்து எனக்கு அனுப்புவாள். நான் என்னுடையதை வைத்துத் திருப்பி அனுப்புவேன். என்னுடையது நான்கு பக்கம். அவளுடையது இரண்டு வரி.

'கதை கொள்ளாம். ஆள் கொள்ளில்ல' என்பது ஒரு முறை அவள் எழுதியது. கதை தேறும், ஆள் தேறமாட்டான் என்று அர்த்தம். அதே நாவலைப் பற்றி நான் நான்கு பக்கத்தில் சொன்னதும் அதுதான். இன்னொரு முறை: 'இவன் ஆறு பக்கம் பேசியும் விஷயத்தைச் சொல்லவில்லை. என் கேபினில் பெண்கள் மஸ்கட்டுக்கு விளித்து இரண்டு நிமிடத்தில் சொல்லி, அழுது, ஃபோனை வைத்துவிடுகிறார்கள்.' இதை என் கட்டுரையில் சேர்த்துக்கொண்டேன். அவள் பெயரைப் போடவில்லை.

ஒருநாள் அவள் கேட்டாள்: "சாரே, ஒரு சம்சயம். இந்தப் புஸ்தகம் முழுக்க காதலு காதலுன்னு கெடக்கே. எங்களுக்கு காதலுன்னா மரத்துக்க உள்ள இருக்குத கட்டிப் பாகமாக்கும்."

"இது வேற காதல்."

"அது தெரியும். பின்னயும், 'என் காதலை ஏற்றுக்கொள்'ளுன்னு அவன் முட்டுக்கால் குத்தி நிக்கும்பம், ஒரு பிலாத்தடிய தோளுல தூக்கிட்டு வந்தவன் மாதிரி தோணுதே. சிரிக்காம இருக்க முடியுமா?"

பூத்தை ஒட்டித் தையல்கடை வைத்திருந்த தங்கபாய் அக்கா, மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "தடி நல்லதானா கட்டில் செய்யலாம் மக்கா. வேண்டாம்னு சொல்லாத."

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சொல் எப்படி மலையாளத்தில் மரத்துக்குள் போனது, தமிழில் மனதுக்குள் வந்தது என்று இருபது நிமிடம் விளக்கினேன். ஃபோன் செய்ய வந்த மூன்று பேர் வேறு பூத்துக்குப் போனார்கள். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இருபது நிமிடத்தை என் வாழ்க்கையின் நல்ல நேரங்களில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

சொல்லிவிடுகிறேன். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று இரண்டு வருடமாக எனக்கு ஆசை இருந்தது. எனக்கு முப்பத்தாறு வயது; தடை சொல்ல வீட்டில் யாரும் இல்லை. ஆனால் ஒரு துண்டுத் தாளிலும் அதை எழுதவில்லை. எப்படி எழுதினாலும் மாத நாவலின் வாக்கியமாகவே வந்தது. ஏழெட்டு முறை எழுதி, ஓரத்தில் குறிப்பும் எழுதி, கிழித்துப்போட்டேன்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை நாவலுக்குள் இருந்த தாள் வழக்கத்தைவிட நீளம். அப்படியே தருகிறேன்:

'கதை கொள்ளாம். அவள் கடைசிவரை வாய் திறக்காதது பிடிக்கவில்லை. எனக்கு சாரிடம் சிநேகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அம்பூரியில் இருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். ரப்பர் உள்ள வீடு. அதற்கு முன்பு நான் வீட்டில் பதில் சொல்லவேண்டும். சாருடைய அபிப்பிராயம் என்ன?'

நான் பென்சிலை எடுத்தேன். சிநேகம் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டேன். சிநேகம் என்றால் நட்பு. முந்நூறு காதல் நாவல் படித்தவள், காதல் என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்து, இப்படி ஒரு சொல்லைத் தேடி வைத்திருக்கிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சார், நீங்கள் நண்பர். நான் அம்பூரிக்குப் போகிறேன். இதைவிடக் கௌரவமாக ஒருவரை விலக்க முடியுமா? கொஞ்ச நேரம் எனக்குப் பேருந்துகளின் போர்டு தெரியவில்லை. பிறகு, எந்தக் கதாநாயகன் தியாகம் செய்தாலும் 'போலி' என்று ஓரத்தில் எழுதும் அதே கையால், நிதானமாக, அழகான எழுத்தில் எழுதினேன்:

'சிநேகம் என்ற சொல்லாட்சி மிக நன்று. மலிவான உணர்ச்சிக்கு இடம் தராத முதிர்ச்சி தெரிகிறது. அம்பூரி இடம் இயல்பான முடிவு. வலிந்து செய்ததாகப் படவில்லை. சம்மதிக்கலாம்.'

எழுதி முடித்ததும் மழை பெய்தது. என்ன செய்ய, ஐப்பசி மாதம்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கபாய் அக்கா கவுண்டருக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"சாரே, ஒரு நேரம் கேக்கணும்."

"எந்த வண்டிக்கு?"

"உமக்க மண்டைக்குள்ள புத்தி வந்து சேருதது எத்தன மணிக்காக்கும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"என்னக்கா?"

"அவ சிநேகம்னு எழுதித் தந்தா. நீரு பரீட்சப் பேப்பர் திருத்தித் தந்திருக்கீரு. 'மிக நன்று'வாம். மார்க்கு எத்தனன்னு எழுத மறந்துட்டீரே."

"நட்புன்னுதானே எழுதியிருந்தா?"

"நட்பா? நட்புக்கா ஒரு பொண்ணு ரண்டு வருஷமா உமக்கு புஸ்தகம் குடுத்து விடுதா? ஓய், அவ ஏது பள்ளிக்கூடத்துல படிச்சா? மலையாளத்துல ஸ்நேகம்னா என்னது? சொல்லும்."

சொன்னேன். மெதுவாகத்தான் வந்தது. "பிரியம்... காதல்."

"ஆங். காதலுன்னு எழுதினா தடின்னு ஆயிருமேன்னு சிநேகம்னு எழுதினா. நீரு அந்தத் தடிய எடுத்து அவ தலையில போட்டீரு."

காலையிலிருந்து இரவுவரை நான் மலையாளம் பேசுகிறவன். அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் பஸ் ஸ்டாண்டின் சினிமாப் பாட்டில் ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்கிறவன். அவள் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். அதனால் தமிழில் படித்துவிட்டேன். எந்த முட்டாளும் அப்படிப் படித்திருக்கமாட்டான். அதற்குப் படிப்பு வேண்டும்.

கவுண்டரை அப்படியே விட்டுவிட்டுச் சாலையைத் தாண்டினேன். பூத்தின் கேபினுக்குள் ஒரு பெண் மஸ்கட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். விமலகுமாரி மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"விமலகுமாரி, அந்த வார்த்தைய நான் தப்பாட்டு வாசிச்சுட்டேன்."

"இப்பம் சரியாட்டு வாசிச்சாச்சா?"

"வாசிச்சாச்சு."

"அப்பம் சொல்லுங்க. என்ன அர்த்தம்?"

இதுதான் இடம். முந்நூறு நாவல்களில் இந்த இடத்தை எப்படி எழுதக்கூடாது என்று முந்நூறு முறை குறிப்பெழுதியிருக்கிறேன். வாயைத் திறந்தேன்.

"அதாவது," என்றேன், "அது வடமொழிச் சொல். மூலத்துல அதுக்கு எண்ணெய்னு ஒரு பொருளும் உண்டு."

"எண்ணெயா?"

"எண்ணெய், நெய், வழுவழுப்பு. அதுலேருந்து ஒட்டுதல். தமிழுக்கு வரும்பம் அது தோழமையாட்டும், மலையாளத்துல..."

அவள் காத்திருந்தாள். அதை நான் பார்த்தேன். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, மீட்டரையும் கவனிக்காமல், நான் அடுத்த சொல்லுக்குப் போவேன் என்று காத்திருந்தாள். எனக்கு நேரம் இருந்தது. நான் மருத்துவ நூல்களில் அந்தச் சொல் எப்படி வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேபின் கதவு திறந்தது. மஸ்கட் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். விமலகுமாரி உட்கார்ந்து பில்லைக் கிழித்தாள்.

"சாரு எழுதினத அப்பனுக்கு வாசிச்சுக் குடுத்தேன்," என்றாள், பில்லைப் பார்த்துக்கொண்டே. "படிச்ச ஆளு, முதிர்ச்சி உண்டுன்னு எழுதியிருக்காரேன்னு அப்பனுக்கு பெரிய சந்தோஷம். சம்மதம்னு நேத்தே சொல்லி அனுப்பியாச்சு."

"நீ?"

"நான் சாருகிட்ட அபிப்பிராயம் கேட்டேன்லா. கிட்டியாச்சு."

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். சிநேகம் என்பதற்கு எண்ணெய் என்ற பொருள் சரிதானா என்று உங்கள் மனம் ஒரு நிமிடம் அகராதிக்குப் போகவில்லையா? தங்கபாய் பாத்திரம் நன்று, கதாநாயகன் இவ்வளவு மக்காக இருப்பது நம்பும்படி இல்லை, மழையை எடுத்துவிடலாம் என்று உள்ளே ஒரு குறிப்பு எழுதவில்லையா? எழுதியிருந்தால், தயவுசெய்து தலையைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் யாரோ எதையோ கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கக்கூடும்.

மறுநாள் ஞாயிறு. எனக்குப் பணி இருந்தது. அம்பூரியிலிருந்து வெள்ளறடை வழியாக வரும் வண்டி பத்து நாற்பதுக்கு வந்தது. நான்கு ஆண்களும் இரண்டு பெண்களும் பலகாரப் பொட்டலத்தோடு இறங்கினார்கள். அவர்களில் பெரியவர் கவுண்டருக்கு வந்து திரும்பிப் போகும் வண்டிகளைக் கேட்டார். இரண்டு பத்து, நாலரை என்றேன். பூத் பூட்டியிருந்தது. இரண்டு பத்து வண்டிக்கு அவர்கள் வரவில்லை. நாலேகாலுக்கு விமலகுமாரியின் அப்பா பொன்னையன் அவர்களை வழியனுப்ப வந்தார். என்னைக் காட்டி, "இவருதான் எழுதித் தந்த சாரு" என்றார். மாப்பிள்ளை கம்பிக்குள் கையை நீட்டினான். குலுக்கினேன். சாதுவான ஆள். மார்கழி கழிந்து தை மாதம் கல்யாணம் என்றார்கள். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். வண்டி நாலு முப்பத்தைந்துக்குப் புறப்பட்டது.