கடைசி மேட்ச் காற்று

பொறுப்பானவள் என்று பெயரெடுத்த பெண்களை யாரும் கண்காணிப்பதில்லை. பெரிய விபத்துகள் எங்கள் கையால் நடப்பதற்கு அதுதான் காரணம். (கேஸை அணைத்தேனா என்று பார்க்க, பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிறவள் நான்.)

மாடம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒரு காலத்தில் மைதானம். ஏரிக்கு ஓரமாக இருந்ததால், அங்கே ஆடிய கால்பந்துக் குழுவுக்கு 'ஏரிக்கரை லெவன்' என்று பெயர். என் மாமனார் அதன் கோல்கீப்பர். இடத்தை விற்று வேலி போட்டதும் கிளப் கலைந்துவிட்டது. பின்னாளில் அங்கே கட்டடம் எழும்பியபோது முதல் ஆளாகப் போய் வீடு வாங்கினார். கார் நிறுத்தும் இடத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில்தான் அவருடைய கோல்போஸ்ட் இருந்ததாம். அங்கே யாராவது வண்டியை விட்டால் இன்றைக்கும் அவருக்குப் பொறுக்காது.

கிளப்பில் மிஞ்சியது எங்கள் பீரோ மேல் இருந்த ஒரு தோல் பந்து. வாயை லேஸ் போட்டுக் கட்டிய பழங்காலப் பந்து.

"இதுக்குள்ள இருக்கிறது கடைசி மேட்ச்ல அடிச்ச காத்து. இதுவரைக்கும் திறந்ததே இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். நான் கல்யாணமாகி வந்த அன்று எனக்கும் காட்டினார். இத்தனை ஆடியும் ஒரு கீறல் இல்லையே, அந்தக் காலத்துத் தோல் அல்லவா என்று வியந்தேன்.

போன வருடம் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் எங்கள் கார் நிறுத்துமிடத்தில் கூடுவதாக ஏற்பாடு. "கிளப்புன்னு ஒண்ணு இருந்ததுக்கு அந்தப் பந்து ஒண்ணுதாம்மா சாட்சி. அவனுங்க முன்னாடி அதை வெக்கணும்" என்று சொல்லிவிட்டு மாமா முடிவெட்டப் போனார்.

துடைக்கலாமென்று எடுத்தால் பந்து ஒரு பக்கம் குழிந்திருந்தது. எல்லோர் முன்னாலும் மாமாவின் மானம் போய்விடுமே! கொஞ்சம் காற்றடித்தால் என்ன? உள்ளே இருக்கிற பழைய காற்று எங்கே போகும், அங்கேயேதானே இருக்கும்? (நான் எம்.எஸ்சி. இயற்பியல். வெளியே சொல்வதில்லை.) என் இரண்டு வயது மகன் கவினை இடுப்பில் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்கு ஓடினேன்.

"மெதுவா அடிங்கண்ணா."

"நீ இன்னாத்துக்குக்கா டென்சன் ஆவுற?" என்றார் கடைக்காரர்.

டப்!

"உள்ள கீற ரப்பர் பிளாடர் அவுட்டுக்கா" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுவாதக்கா. பழைய துணி எதனா உள்ள வெச்சிக் கட்டிடு. எவன் ஒதைக்கப் போறான்?" என்று தேற்றினார்.

நியாயமாகத்தான் பட்டது. கவினுக்குச் சிறுத்துப்போன உடுப்புகளையெல்லாம் திணித்து லேஸை இறுக்கினேன். பந்து அத்தனை அழகாக இதுவரை இருந்ததில்லை.

மாலையில் கேசரி, பஜ்ஜி, பழங்கதைகள். பந்தை மேசைமேல் வைத்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது. அப்போது கேப்டன் பாஸ்கர் மாமா எழுந்தார்.

"டேய் கீப்பர், ஒரு கோல்கிக் அடிடா. பாத்து எத்தினி வருஷமாச்சு!"

"வேணாம் மாமா, முட்டி வலிக்கும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமா மோட்டார் பக்கத்தில் பந்தை வைத்து, நாலடி பின்னால் போய், ஓடி வந்து உதைத்தார்.

தொப்.

மூன்றடி உருண்டு, லேஸ் அவிழ்ந்து, மஞ்சள் குல்லாவும் யானைப் படம் போட்ட ஜட்டியும் வெளியே வந்தன.

"என் ஜட்டி!" என்று கவின் ஓடினான்.

மாமா கால் விரலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கடைசி மேட்ச் காத்தை நான்தான் மாமா..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் கடைசி மேட்ச்சு?" என்றார் பாஸ்கர் மாமா. "அந்த மேட்ச்சுப் பந்துதான் ஏரில பூட்ச்சே! நம்மளாண்ட இருந்ததே ஒரே பந்து, மேட்ச்சே அத்தோட நின்னுது. ஒதைச்சதே இவன்தாம்மா, இதே மாரி கோல்கிக்!"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"அடுத்த வார மேட்ச்சுக்குன்னு நான்தான் இதைப் புதுசா வாங்கினேன்" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. "அதுக்குள்ள வேலி போட்டுட்டான். ஆடவே இல்ல."

பிறகு பாஸ்கர் மாமா குல்லாவையும் ஜட்டியையும் பொறுக்கி உள்ளே திணித்தார். "அப்ப இன்னிக்குத்தான் ஓப்பனிங்கா? கட்டுடா லேஸை!" என்றார். இருட்டும்வரை ஆடினார்கள். தொப், தொப் என்றுதான். மாமா ஒரு கோல்கூட விடவில்லை. (விட முடியாது, பந்து அவர்வரை போனால்தானே!)

இப்போதும் நான் எதையாவது சரிசெய்யக் கிளம்பினால், "காத்தடிக்கப் போறியா?" என்கிறார் என் கணவர். பந்து பீரோ மேல்தான் இருக்கிறது, நிறையக் கீறல்களோடு. மாமா வருகிறவர்களிடம் இன்னும் காட்டுகிறார்.

"எங்க கிளப்புப் பந்து. உள்ள என் பேரனோட ஜட்டி இருக்கு. இதுவரைக்கும் ஏரிக்குப் போனதே இல்ல."