மேடத்துக்குப் பிடித்த காற்று

மீட்டிங் அறைச் சுவரிலிருந்த சின்னக் கருவியை ஜீவராஜ் முறைத்துக்கொண்டு நின்றான். உள்ளே காற்று கெட்டுக் கிடக்கிறது என்று அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

குளிர் மலையில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு பழைய தோட்டத்துரை பங்களாவைப் புதுப்பித்து ஹோட்டலாக்கியிருந்தார்கள். அவன்தான் மேனேஜர். பசுமைக் கட்டடச் சான்றிதழுக்காகக் காற்றோட்டம் பார்க்க இன்று கொழும்பிலிருந்து அதிகாரி ரினோஸா மேடம் வருகிறார். "சான்றிதழ் கெடைக்கலன்னா நீயும் அங்க இருக்க மாட்ட" என்று முதலாளி விடிந்ததும் விடியாததுமாகப் போனில் வாழ்த்தியிருந்தார்.

ஜன்னல்களோ புதுப் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தன.

தச்சுவேலை செல்லசாமியைக் கூப்பிட்டான். பிடிக்க ஒரு ஆள், தட்ட ஒரு ஆள் என்று அவர் கூட்டத்தோடு வந்தார். வேடிக்கை பார்க்கச் சமையல்காரர் வந்தார். தேத்தண்ணி கொண்டுவந்த மீனம்மாவும் அங்கேயே நின்றுவிட்டாள். கருவி கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

"ஏங்கய்யா இது கத்துது?" என்று கேட்டார் செல்லசாமி.

"நாம மூச்சு விடுறது அதுக்குப் புடிக்கல" என்றான் ஜீவராஜ்.

"அப்ப விடாம இருக்கணுங்களா?" என்றாள் மீனம்மா.

ஜீவராஜ் எல்லோரையும் வெளியே விரட்டினான். "அண்ணே, என்ன செய்வீங்களோ தெரியாது. தொறந்தா சரி" என்று செல்லசாமியிடம் சொல்லிவிட்டு, மேடத்தை வரவேற்க வாசல் கேட்டுக்கு ஓடினான்.

மேடத்தோடு திரும்பி வந்தபோது ஜன்னல்களெல்லாம் சட்டத்தோடு பெயர்ந்து, வெளியே புல்லில் படுத்திருந்தன.

"தொறந்துட்டேங்க" என்றார் செல்லசாமி. "மூடத்தான் முடியாது."

மூடுபனி யாரையும் கேட்காமல் உள்ளே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தது. கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

மேடம் அறையைச் சுற்றி வந்தார். முக்காட்டை இழுத்துக் காதை மூடினார். மூக்கு சிவந்துவிட்டது. "ர்... ரொம்ப நல்ல காத்தோட்டம்" என்று பல் கிடுகிடுக்கச் சொல்லி, சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று வேனுக்கு நடந்தார்.

ஜீவராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதலாளிக்குப் போன் போட்டான். அவர் குரலில் தேன் ஒழுகியது. "மேடத்த ராத்திரிக்கு அங்கயே தங்க வையி ராஜா. பெரிய ரூமக் குடு."

ஓடிப் போய்ப் பார்த்தால், வேனின் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. பின்கதவை மூடிக்கொண்டிருந்த டிரைவர் இன்சாப், அவன் காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னான்:

"கோவிச்சுக்காதீங்க சார். காத்தோட்டம் இல்லன்னு நேத்து ஒரு ஹோட்டல ஃபெயில் பண்ணினாங்க. ரூம் அங்கதான் போடச் சொல்லியிருக்காங்க."